விதையிலை இரண்டா, மூன்றா? – டேலியா நாற்றுகளோடு நூறு நாள்

விதை முளைத்தலைக் கற்பிக்க நாம் வழக்கமாகக் கையில் எடுப்பது பச்சைப்பயறு அல்லது அவரை. இரவு ஊறவைத்து ஈரப் பஞ்சில் வைத்தால் அடுத்த நாளே முளைவேர் எட்டிப் பார்க்கும். நான்கு நாளில் படம் வரைந்து பாகங்களைக் குறித்துவிடலாம். ஒரு வாரத்தில் செயல்பாடு முடிந்துவிடும். தொடக்க வகுப்புகளுக்கு இது பொருத்தமானதுதான். ஆனால் ஆறாம் வகுப்புக்கு மேல் இதில் ஒரு குறை இருக்கிறது. பயறு முளைப்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பலமுறை பார்த்திருக்கிறார்கள். ஒரு முளை இன்னொன்றைப் போலவே இருக்கும். அதனால் செடியைப் பார்க்காமலே பாடநூல் படத்தைப் பார்த்து வரைந்துவிட முடிகிறது. உற்றுநோக்கல் என்ற திறன் அங்கே வேலை செய்வதே இல்லை.

இதற்கு மாற்றாக எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் டேலியாவை விதையிலிருந்து வளர்த்துப் பார்க்கிறோம். முளைக்க ஒரு வாரத்திற்கு மேல் ஆகும். பூக்க ஏறத்தாழ நூறு நாள் ஆகும். ஒரே பொட்டலத்து விதையானாலும் ஒரு நாற்றைப் போல இன்னொரு நாற்று இருப்பதில்லை. தண்டின் நிறம், இலையின் வடிவம், உயரம், கடைசியில் பூ என எல்லாமே மாறும். எனவே நண்பனின் நோட்டைப் பார்த்து எழுத வழியில்லை. தன் நாற்றை ஒவ்வொருவரும் தானேதான் பார்த்தாக வேண்டும். இந்த ஒரு காரணத்திற்காகவே டேலியாவைப் பரிந்துரைக்கிறேன்.

மெக்சிகோவிலிருந்து வந்த செடி

டேலியாவின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவின் மலைப்பகுதிகளும். 1789-இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் பூங்காவிலிருந்து மாட்ரிட் நகருக்கு இது அனுப்பப்பட்டது. அங்கே கவனில்லெஸ் என்ற தாவரவியலாளர் 1791-இல் இதற்குப் பெயர் சூட்டினார். லின்னேயஸின் மாணவரான ஆந்திரேஸ் டால் என்ற சுவீடன் நாட்டுத் தாவரவியலாளரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர் அது. 1963-இல் மெக்சிகோ இதைத் தன் தேசிய மலராக அறிவித்தது.

நம் மாநிலத்தில் உதகை, கொடைக்கானல், ஏற்காடு போன்ற இடங்களுக்குச் சுற்றுலா சென்ற பிள்ளைகள் இதைப் பார்த்திருப்பார்கள். ஓசூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் கன்னடம் பேசும் பிள்ளைகளிடம் கேட்டால் 'டேரே ஹூவு' என்று சொல்வார்கள். டால் என்ற மனிதரின் பெயர் எத்தனை வாய்களில் புழங்கி டேரே ஆனது என்று பேசத் தொடங்கினால் அறிவியல் பெயரிடல் பற்றிய பாடம் தானாக வந்துவிடும்.

எப்போது விதைப்பது?

டேலியா கடும் வெயிலையும் தாங்காது, உறைபனியையும் தாங்காது. எனவே பள்ளி இருக்கும் இடத்தைப் பொறுத்தே மாதத்தை முடிவு செய்ய வேண்டும். ஓசூர், தளி, ஏற்காடு போன்ற மிதமான இடங்களில் ஜூன் கடைசி வாரத்தில் விதைத்தால் காலாண்டு விடுமுறையை ஒட்டிப் பூக்கத் தொடங்கும். சமவெளிப் பள்ளிகள் காலாண்டு விடுமுறை முடிந்து அக்டோபரில் விதைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் நாற்றுகள் தாழ்வாரத்தில் இருக்கட்டும். ஜனவரி, பிப்ரவரியில் பூ வரும். உதகை போன்ற உயர்ந்த மலைப்பகுதிகளில் உறைபனிக் காலம் முடிந்த பிறகு தொடங்குவது நல்லது.

விதை கிடைக்காத இடங்களில் காஸ்மாஸ், ஜினியா, துலுக்கச் சாமந்தி ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். இவையும் டேலியாவின் ஆஸ்டரேசி குடும்பத்தைச் சேர்ந்தவையே. முளைப்பதும் எளிது.

விதைக்கும் முன்

முப்பத்திரண்டு மாணவர்கள் உள்ள வகுப்பு என்றால் நான்கு பேராக எட்டுக் குழுக்கள். குழுவுக்குப் பத்து விதைகள். தேவையானவை இவ்வளவுதான்: காகிதக் கோப்பைகள் அல்லது குழித்தட்டு, தென்னைநார்க் கழிவு, சலித்த மண்புழு உரம், கொஞ்சம் மணல், பெயர் எழுத ஐஸ் குச்சி, மூடியில் சிறு துளைகள் இட்ட தண்ணீர்ப் பாட்டில், அளவுகோல், நோட்டு.

நார்க்கழிவையும் மண்புழு உரத்தையும் சம அளவில் கலந்து, ஒரு கைப்பிடி மணல் சேர்க்க வேண்டும். கோப்பையின் அடியில் துளை கட்டாயம். விதையை அரை சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் புதைக்கக் கூடாது. வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் முளைப்பு நன்றாக இருக்கும். கடையில் வாங்கிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கக்கூடும். எனவே விதையைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை முதல் விதியாகச் சொல்லிவிடுங்கள்.

விதைப்பதற்கு முன் ஒரு பாடவேளையை விதையைப் பார்க்க மட்டும் ஒதுக்குங்கள். டேலியா விதை கருஞ்சாம்பல் நிறத்தில், தட்டையாக, ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் இருக்கும். "இது விதையா, கனியா?" என்று கேளுங்கள். சூரியகாந்தி விதையைப் பக்கத்தில் வையுங்கள். நாம் விதை என்று அழைக்கும் இரண்டுமே உண்மையில் சிப்செலா என்னும் உலர்கனிகள். உள்ளே இருப்பதுதான் விதை. சூரியகாந்தியை உரித்துத் தின்று பழகிய பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

விரலால் மெல்ல அழுத்திப் பார்க்கவும் சொல்லுங்கள். உள்ளீடு நிறைந்த விதை உறுதியாக இருக்கும். பதர் வளையும். ஒவ்வொரு குழுவும் தன் பத்து விதைகளில் எத்தனை முளைக்கும் என்று முன்கூட்டியே ஊகித்து எழுதி வைக்கட்டும்.

நாள்தோறும் பார்க்க வேண்டியவை

பதிவேட்டில் ஆறு கட்டங்கள் போதும்: நாள், முளைத்தவை, உயரம் (மில்லிமீட்டரில்), இலைகளின் எண்ணிக்கை, தண்டின் நிறம், இன்று கண்ட புதியது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். "புதிதாக ஒன்றுமில்லை" என்று எழுதவும் அனுமதி உண்டு. ஆனால் செடியைப் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும். பொதுவாக எதை எப்போது காணலாம் என்பதைக் கீழே தருகிறேன். வெப்பநிலையைப் பொறுத்து நாள்கள் முன்பின்னாகும்.

- 3 முதல் 7 நாள்: மண்ணுக்கு மேலே எதுவும் தெரியாது. பிள்ளைகள் பொறுமை இழக்கும் காலம் இது. ஐந்தாறு விதைகளைத் தனியாக ஈரத் தாளுக்கு இடையில் வைத்து ஒளி ஊடுருவும் டப்பாவில் மூடிவையுங்கள். முளைவேர் வெளிவருவதை அங்கே காணலாம்.

- 6 முதல் 12 நாள்: தண்டு கொக்கி போல வளைந்து மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். வளைந்த முதுகு மண்ணை முட்டுவதால் விதையிலைகள் உராயாமல் மேலே வருகின்றன. விதையிலைகள் மண்ணுக்கு மேலே வருவதால் இது தரைமேல் முளைத்தல். சில நாற்றுகள் விதையுறையைத் தொப்பி போல அணிந்தபடி வரும். அதைக் கையால் இழுத்தால் விதையிலை அறுந்துவிடும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவிட்டால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

- 12 முதல் 18 நாள்: விதையிலைகள் நீள்வட்டமாக விரியும். விளிம்பில் பற்கள் இருக்காது. நாற்றுகள் வெளிச்சம் வரும் பக்கம் சாயும். கோப்பையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த நாள் பார்க்கச் சொன்னால் ஒளிச்சார்பசைவைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

- 18 முதல் 25 நாள்: முதல் உண்மை இலைகள் எதிரெதிராக ஒரு இணையாக வரும். விளிம்பில் பற்கள் இருக்கும். அடுத்த இணை முந்தைய இணைக்குச் செங்குத்தாக அமையும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போலத் தெரியும். ஏன் இப்படி என்று கேளுங்கள். மேல் இலை கீழ் இலைக்கு நிழல் போடாமல் இருக்க என்ற விடை அவர்களிடமிருந்தே வரும்.

- 4 முதல் 5 வாரம்: இலைகள் மூன்று பிளவாக, பிறகு தனித்தனிச் சிற்றிலைகளாகப் பிரியத் தொடங்கும். இரண்டு இணை உண்மை இலைகள் வந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். நாற்றை விதையிலையைப் பிடித்துத் தூக்க வேண்டும், தண்டைப் பிடிக்கக் கூடாது. ஒரு விதையிலை கிழிந்தாலும் செடி பிழைத்துக்கொள்ளும், தண்டு நசுங்கினால் பிழைப்பது அரிது.

இடையில் சில நாற்றுகள் மண்மட்டத்தில் இளைத்துச் சாய்ந்து விழும். நாற்றழுகல் நோய் என்று விவசாயிகள் சொல்வது இதைத்தான். மண்ணில் ஈரம் மிகுந்தால் பித்தியம் போன்ற நுண்ணுயிரிகள் தண்டைத் தாக்கும். காலையில் மட்டும் அளவாக நீர் ஊற்றுவது, நெருக்கமாக விதைக்காமல் இருப்பது, காற்றோட்டம் ஆகியவையே முதல் தடுப்பு. கத்தரி, தக்காளி நாற்றங்காலில் வேலை செய்த பெற்றோரின் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக இதை விளக்குவார்கள். அவர்களைப் பேசவிடுங்கள். செத்த நாற்றையும் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அழிக்கப்பட்ட மூன்றாவது இலை

இந்தச் செயல்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகப்பட்ட ஒன்று பதினான்காம் நாளில் நடந்தது. ஒரு மாணவியின் பதிவேட்டில் நாற்றின் படத்தில் ரப்பரால் அழித்த தடம் இருந்தது. உற்றுப் பார்த்தால் மூன்று விதையிலைகள் வரைந்து, ஒன்றை அழித்திருந்தது தெரிந்தது.

"ஏம்மா அழிச்ச?"

"புத்தகத்துல இரண்டுன்னுதான் டீச்சர் போட்டிருக்கு. இருவித்திலைத் தாவரம்னு."

"செடியில எத்தனை இருக்கு?"

அவள் கோப்பையை எடுத்து வந்தாள். மூன்று இருந்தது. சமமாக, மின்விசிறியின் மூன்று இறக்கைகளைப் போல.

டேலியா நாற்றுகளில் அவ்வப்போது மூன்று விதையிலைகள் வருவது உண்டு. அத்தகைய நாற்றுகள் பெரும்பாலும் முதல் சில கணுக்களில் மும்மூன்று இலைகளாக விடும். பிறகு வழக்கமான இரண்டுக்கு மாறிவிடுவதும் உண்டு. செடிக்கு இதனால் கேடு ஒன்றுமில்லை.

அந்த நாற்றை மேசை மீது வைத்து வகுப்பு முழுவதையும் கேட்டோம்: இப்போது இது இருவித்திலைத் தாவரமா, இல்லையா? ஒரு சாரார் "மூவித்திலை" என்று புதுப்பெயரே வைத்துவிட்டார்கள். பிறகு வேறு சான்றுகளைத் தேடினார்கள். இலை நரம்பு வலைப்பின்னலா, இணைப்போக்கா? ஆணிவேரா, சல்லிவேரா? ஈரத் தாளில் முளைத்த விதைகளின் வேரைக் கொண்டுவந்து பார்த்தார்கள். கடைசியில் அவர்களே வந்து சேர்ந்த முடிவு இது: வகைப்பாடு ஒரே ஒரு பண்பை வைத்துச் செய்யப்படுவதில்லை. பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு செடியை ஒரு தொகுதியில் சேர்க்கிறார்கள். இருவித்திலை என்பது அந்தத் தொகுதியில் பெரும்பாலானவற்றில் காணப்படும் நிலையைக் குறிக்கும் பெயர். விதிவிலக்கான ஒரு நாற்று அந்தப் பெயரைப் பொய்யாக்குவதில்லை. பெயர் இருக்கிறது என்பதற்காக நாற்றின் இலையை அழிக்கவும் கூடாது.

அந்த மாணவி மூன்றாவது இலையை மீண்டும் வரைந்தாள். இந்தமுறை பக்கத்தில் நீளத்தையும் அளந்து எழுதினாள்.

நம் மாணவர்களில் எத்தனை பேர் கண்ணால் கண்டதை ரப்பரால் அழித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதை எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. விடை சரியாக இருப்பதால் நாமும் சரி என்று குறியிட்டுவிடுகிறோம். இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, பதிவேட்டில் ரப்பர் பயன்படுத்தக் கூடாது என்ற விதி. தவறு என்று நினைத்தால் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும். அடித்தது என்ன என்று நமக்கும் தெரியட்டும்.

ஒன்றும் முளைக்காத குழு

ஒரு குழுவின் கோப்பைகள் பதினெட்டாம் நாளிலும் வெறுமையாகவே இருந்தன. பக்கத்துக் குழுவின் நாற்றை எண்ணித் தங்கள் பதிவேட்டில் எழுதிவிடலாமா என்ற பேச்சு அங்கே ஓடியது. சுழியம் என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும் என்பது அவர்களுடைய பயம்.

"மதிப்பெண் செடிக்கு இல்லை, பதிவேட்டுக்குத்தான்" என்று தெளிவாகச் சொன்ன பிறகு அவர்கள் மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். விதைகள் கூழாகி நாற்றம் அடித்தன. கோப்பையைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் துளை இடப்படவே இல்லை. நீர் தேங்கி, மண்ணுக்குள் காற்று போகாமல் விதை அழுகியிருக்கிறது. விதை முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பம் மூன்றும் வேண்டும் என்று பாடத்தில் வருகிறது. நீர் மிகுந்தால் காற்று குறைகிறது என்பதை அந்தக் குழுவைப் போல வேறு யாரும் வகுப்பில் விளக்கியிருக்க முடியாது. அன்றைய பாடத்தை அவர்கள்தான் நடத்தினார்கள்.

கணித ஆசிரியருக்கும் இங்கே வேலை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, எட்டுக் குழுக்களில் முளைத்தவை 7, 8, 6, 9, 0, 7, 5, 8 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 80-இல் 50. முளைப்புத் திறன் 62.5 விழுக்காடு. சராசரி 6.25. ஏறுவரிசையில் எழுதினால் இடைநிலை அளவு 7. முகடுகள் 7, 8 என இரண்டு. சுழியத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் சராசரி ஏறத்தாழ 7.14 ஆகிறது, இடைநிலை அளவோ மாறாமல் 7 ஆகவே இருக்கிறது. ஒரே ஒரு மதிப்பு சராசரியை எவ்வளவு இழுக்கிறது, இடைநிலையை ஏன் அசைக்கவில்லை என்று பேச இதைவிட நல்ல தரவு கிடைக்காது. "சுழியத்தை விட்டுவிடலாமா?" என்ற கேள்வியையும் விவாதத்திற்கு வையுங்கள். விதையின் தரத்தை அறிவது நோக்கமா, நம் விதைப்பு முறையின் தரத்தை அறிவது நோக்கமா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

எந்த நாற்றை விடுவது?

ஐம்பது நாற்றுகள் இருக்கும். தொட்டிகள் முப்பதுதான் இருக்கும். தொட்டிக்கு மாற்றும் நாளில் இந்தச் சிக்கல் வரும். பிள்ளைகள் உடனே உயரமானவற்றை எடுத்து வைப்பார்கள்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்தி, உயரமான நாற்றையும் குள்ளமான நாற்றையும் அருகருகே வைத்துத் தண்டின் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிச்சம் குறைவான மூலையில் இருந்த நாற்றுதான் பெரும்பாலும் நெடுநெடுவென்று வளர்ந்திருக்கும். வெளிறிய நிறம், நீண்ட கணுவிடை, மெல்லிய தண்டு ஆகியவை ஒளி போதாமையின் அடையாளங்கள். உயரம் வேறு, ஆரோக்கியம் வேறு. அதேபோல நாற்றுப் பருவத்து வேகமும் பின்னால் வரும் பூவின் வடிவமும் தனித்தனிப் பண்புகள். மெதுவாக வளரும் நாற்று என்ன பூ பூக்கும் என்று இந்தக் கட்டத்தில் யாராலும் சொல்ல முடியாது.

எனவே நாங்கள் இருபது தொட்டிகளுக்குக் குழுக்களே தேர்ந்தெடுப்பது, பத்துத் தொட்டிகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது என்று முடிவு செய்தோம். ஏன் இரண்டு முறை? நாம் தேர்ந்தெடுத்தவை உண்மையிலேயே நன்றாக வளர்ந்தனவா என்று ஒப்பிட ஒரு கூட்டம் வேண்டும். சோதனையில் கட்டுப்பாடு என்று நாம் சொல்வது இதைத்தான். மீதி இருந்த நாற்றுகள் பக்கத்துத் தொடக்கப் பள்ளிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கும் போயின. முளைக்காத குழுவுக்குச் சீட்டில் விழுந்தது இருப்பதிலேயே சிறிய நாற்று.

நுனியைக் கிள்ளினால்

மூன்று அல்லது நான்கு இணை இலைகள் வந்ததும் பாதித் தொட்டிகளில் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மீதியை அப்படியே விடுங்கள். இரண்டு வாரத்தில் வேறுபாடு தெரியும். கிள்ளியவற்றில் இலைக்கோண மொட்டுகள் கிளைகளாக விரியும். கிள்ளாதவை ஒற்றைத் தண்டாக நிமிரும். நுனியில் உருவாகும் ஆக்சின் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது என்பதை, அதாவது நுனி ஆதிக்கத்தை, மேல் வகுப்பு மாணவர்களுக்கு இங்கே காட்டிவிடலாம். கிள்ளாத செடி முந்திப் பூக்கும், கிள்ளிய செடி பிந்தினாலும் நிறையப் பூக்கும். செடிக்கு ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டிவிட வேண்டும்.

பூத்த பிறகு மெண்டல்

மொட்டு விரியும் வாரத்தில் வகுப்பு முழுவதும் தொட்டிகளைச் சுற்றித்தான் இருக்கும். ஒரே பொட்டலம், ஆனால் மஞ்சள், வெள்ளை, அரக்கு, இளஞ்சிவப்பு எனப் பல நிறம். ஒரே அடுக்குப் பூவும் இருக்கும், பல அடுக்குப் பூவும் இருக்கும்.

முதலில் பூவின் அமைப்பு. டேலியாவில் நாம் ஒரு பூ என்று சொல்வது பல சிறுமலர்கள் கூடிய சிரமஞ்சரி. வெளியே இதழ் போலத் தெரிவது ஒவ்வொன்றும் ஒரு கதிர்ச் சிறுமலர். நடுவில் மஞ்சளாக இருப்பவை வட்டத்தட்டுச் சிறுமலர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கட்டும்.

அடுத்து, பதினைந்தாம் நாளில் எழுதி வைத்த தண்டின் நிறத்தை எடுத்துப் பூவின் நிறத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். தண்டு கருஞ்சிவப்பாக இருந்தால் பூ அடர்நிறமாகவும், தண்டு பச்சையாக இருந்தால் பூ வெள்ளை அல்லது மஞ்சளாகவும் இருக்கும் என்று செடி வளர்ப்போர் சொல்வதுண்டு. தண்டுக்கும் பூவுக்கும் சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் நிறமி பொதுவானது என்பதே காரணம். இது ஒரு போக்குதானே தவிர விதி அல்ல. நம் முப்பது செடிகளில் எத்தனைக்குப் பொருந்துகிறது, எத்தனைக்குப் பொருந்தவில்லை என்று பிள்ளைகளே அட்டவணை போடட்டும்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் இந்தத் தொட்டிகளுக்கு முன்னால் நின்று மரபியலைத் தொடங்கலாம். மெண்டல் பட்டாணியைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அது தன்மகரந்தச் சேர்க்கை செய்வது, தூய வரிசைகள் கிடைப்பது, பண்புகள் தெளிவாக இரண்டாகப் பிரிவது. டேலியா இதற்கு நேர்மாறு. தன் மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்காது. தேனீக்கள் பல செடிகளிலிருந்து மகரந்தம் கொண்டுவருகின்றன. அதோடு தோட்டத்து டேலியா எண்மடியச் செடி. அதன் குரோமோசோம்கள் 64, எட்டுத் தொகுதிகளாக. பட்டாணியில் ஒரு பண்புக்கு இரண்டு அல்லீல்கள் என்றால் இங்கே எட்டு வரை இருக்க இடமுண்டு. எனவே 3:1 என்ற விகிதத்தை இந்தத் தொட்டிகளில் தேட முடியாது. "மெண்டல் டேலியாவில் தொடங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?" என்ற கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் விடைகளைக் கேட்டுப் பாருங்கள்.

முளைக்காத குழுவின் சிறிய நாற்று மற்றவற்றுக்குப் பத்து நாள் பிந்திப் பூத்தது. எட்டு இதழ் கொண்ட ஒற்றை அடுக்குப் பூ. அடுக்குப் பூக்களுக்கு முன்னால் அது எளிமையாகத்தான் இருந்தது. ஆனால் தேனீக்கள் அதிகம் வந்தது அதற்குத்தான். அடுக்குப் பூக்களில் வட்டத்தட்டுச் சிறுமலர்கள் குறைவு, தேனீ அவற்றை அடைவதும் கடினம். ஒற்றை அடுக்கில் நடுப்பகுதி திறந்து கிடக்கிறது. அதனால் விதையும் அதில்தான் நன்றாகப் பிடித்தது. அடுத்த ஆண்டுக்கான விதையின் பெரும்பகுதியை அந்தக் குழுதான் உறையில் போட்டு எழுதிக் கொடுத்தது.

விதை எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். விரியாத மொட்டு உருண்டையாக இருக்கும், இதழ் உதிர்ந்த தலை கூம்பு போலக் கூராக இருக்கும். இரண்டும் பச்சையாக இருப்பதால் பிள்ளைகள் மொட்டைப் பறித்துவிடுவார்கள். கூம்பு நன்றாகக் காய்ந்து பழுப்பான பிறகு பறித்து நிழலில் உலர்த்த வேண்டும்.

மண்ணுக்குள் என்ன?

பூத்து ஓய்ந்த ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். விதையிலிருந்து வந்த செடியும் முதல் பருவத்திலேயே கிழங்கு வைத்திருக்கும். தண்டின் அடியில் கொத்தாக இருக்கும் இவை வேர்க்கிழங்குகள். பக்கத்தில் ஓர் உருளைக்கிழங்கையும் ஒரு சர்க்கரைவள்ளியையும் வையுங்கள். உருளைக்கிழங்கில் கண்கள் உண்டு, அது தண்டு. சர்க்கரைவள்ளி வேராக இருந்தாலும் அதிலிருந்து புதிய மொட்டுகள் தோன்றும். டேலியாவின் கிழங்கைத் தனியாக ஒடித்து நட்டால் முளைக்காது. கிழங்கோடு அடித்தண்டின் ஒரு துண்டும் அதிலுள்ள கண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றையும் நட்டுச் சரிபார்ப்பது அடுத்த செயல்பாடு.

கிழங்கிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போலவே பூக்கும், விதையிலிருந்து வருவது பூக்காது. பாலினப் பெருக்கமும் உடல இனப்பெருக்கமும் எங்கே வேறுபடுகின்றன என்பது இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது. ஓசூர்ப் பக்கத்து ரோஜாத் தோட்டங்களில் ஏன் மொட்டு ஒட்டு வைக்கிறார்கள், சாமந்திக்கு ஏன் பக்கக் கன்று எடுக்கிறார்கள் என்று கேட்டால், அங்கே வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் இப்போது காரணத்தோடு விடை சொல்வார்கள். சந்தைக்கு ஒரே மாதிரிப் பூ வேண்டும். புதிய வகை வேண்டுமென்றால் விதைக்குத்தான் போக வேண்டும்.

வகுப்புக்கு ஏற்றபடி

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை: நாற்றின் உயரத்துக்குக் காகிதப் பட்டையை வெட்டி வாரம் ஒன்றாக வரிசையில் ஒட்டினால் பட்டை வரைபடம் தயார். இலைகளை இரண்டிரண்டாக எண்ணலாம்.

நான்கு, ஐந்தாம் வகுப்பு: நாளுக்கு ஒரு வாக்கியம். "அழகாக இருக்கிறது" என்ற சொல்லுக்குத் தடை. நிறம், வடிவம், அளவு, எண்ணிக்கை ஆகியவற்றில் ஒன்றாவது வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

ஆறு முதல் எட்டு: மேலே கூறிய முழுப் பதிவேடு.

ஒன்பது, பத்து: ஒளிச்சார்பசைவு, நுனி ஆதிக்கம், மரபியல். தமிழாசிரியர்கள் பத்தாம் வகுப்பின் 'தமிழ்ச்சொல் வளம்' பாடத்தை இங்கே இணைக்கலாம். நெல்லுக்கும் கத்தரிக்கும் நாற்று, மாவுக்குக் கன்று, தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி என்று இளம் பயிருக்கே நம் மொழியில் இத்தனை பெயர்கள். டேலியாவின் இளஞ்செடியை எந்தச் சொல்லால் அழைப்பது பொருத்தம், ஏன் என்று கேளுங்கள்.

மதிப்பீடு

வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாக இதை எடுத்துக்கொள்ளும்போது நான்கு கேள்விகளை மட்டும் பாருங்கள். பதிவு இடைவிடாமல் இருக்கிறதா? அளவும் அலகும் எழுதப்பட்டுள்ளனவா? எதிர்பார்ப்புக்கு மாறான ஒன்று பதிவாகியிருக்கிறதா? அதற்கு மாணவர் ஒரு காரணத்தை ஊகித்து, சோதிக்க ஒரு வழி சொல்லியிருக்கிறாரா? செடி பிழைத்ததா, பூ பெரிதா என்பதற்கு மதிப்பெண் கிடையாது. இதை முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பதிவேட்டில் உண்மை வராது.

விடுமுறை நாள்களில் நீர் ஊற்றப் பள்ளிக்கு அருகில் வசிக்கும் மாணவர்களைக் கொண்டு ஒரு முறைப்பட்டியலை முன்னதாகவே போட்டுவிடுங்கள். தொட்டிகளை நிழலில் ஒன்றாக நகர்த்தி, மண் மீது காய்ந்த இலைகளைப் பரப்பினால் ஈரம் கூடுதலாக நிற்கும்.

முதல் ஆண்டு முப்பது தொட்டிகள் தேவையில்லை. ஒரு பொட்டலம் விதை, பத்துக் கோப்பை, ஒரு நோட்டு போதும். முதலில் கோப்பைகளின் அடியில் துளை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரப்பரை மேசை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு விதைக்கத் தொடங்குங்கள்.